ஞானஸ்நானத் தண்ணீர்

ஆப்பிரிக்காவின் அந்தச் செம்புச் சுரங்க ஊருக்கு மேனேஜர் ஜெரோம்தான் ராஜா. தன் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு மினரல் வாட்டர் பாட்டிலோடு கோயிலுக்கு வந்திருந்தார். அவரைப் போலவே நாகர்கோவில்காரரான ஃபாதர் மரியசூசை, பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டுத் தொட்டியில் தண்ணீர் மொள்ளும் சிப்பியை முக்கினார்.

“எந்தத் தண்ணி ஃபாதர் இது?”

“ஆத்துத் தண்ணிதான். ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் இதைத்தானே ஊத்துறேன்.”

“விளையாடாதீங்க.”

“சுரங்கக் கழிவு கலக்கவே இல்ல, தாராளமா குடிக்கலாம்னு போன வாரம் கோர்ட்ல பைபிள் மேல கை வச்சுச் சொன்னது நீங்கதானே?”

சிப்பி சாய்ந்தது. ஜெரோமின் அதே கை பாய்ந்து வந்து குழந்தையின் தலைக்கு மேல் விரிந்தது. தண்ணீர் புறங்கையில் வழிந்தது.

உடம்பெல்லாம் புண்ணான மகனை இடுப்பில் வைத்தபடி முன் பெஞ்சில் இருந்த ஊர்க்காரி சாண்டா, அந்தக் கையைப் பார்த்தபடியே எழுந்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு பெஞ்சாக எழுந்தது.