மூன்றாம் பாகம்

ஆம்பூரில் ஞாயிறு மதியக் காட்சி. தமிழ் பேசும் இங்கிலீஷ் படம். அதிசய வீரர் கூட்டத்தின் கதைக்கு இது மூன்றாவது, கடைசிப் பாகம். முதல் இரண்டையும் நானும் ரெனிட்டாவும் கல்லூரிக்கு மட்டம் போட்டுப் பார்த்தோம். அந்தக் கூட்டத்தின் கண்ணாடி உடம்புக்காரி திரையில் வரும்போதெல்லாம் விசிலடித்தவள் அவள். இப்போது எனக்கு முன்வரிசையில் புதுக் கணவனோடு உட்கார்ந்திருக்கிறாள். திரையின் நீல வெளிச்சம் அவள் தலையிலுள்ள மல்லிகையில் விழுகிறது. படத்தில் கண்ணாடி உடம்புக்காரி நொறுங்கிச் சாகிறாள். "செத்தவதான் வில்லி," என்று அவன் விளக்குகிறான். "அப்படிங்களா," என்று ரெனிட்டா தலையாட்டுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பின்னால் பையன்கள் நாற்காலியை உதைக்கிறார்கள்: "இன்னாடா, அவளையே கொன்னுட்டான்? பேஜார்டா." விளக்கு எரிகிறது. எழுந்து திரும்புகிறவள் என்னைப் பார்த்துவிடுகிறாள். "முன்னாடி ரெண்டும் பார்த்திருக்கியா நீ?" என்று அவன் கேட்கிறான். "இல்லங்க," என்கிறாள், என்னைப் பார்த்துக்கொண்டே.