மாப்பிள்ளை ஊதிய காற்று

சொஜ்ஜிக்கும் பஜ்ஜிக்கும் நடுவில் அந்த மெஷினும் தட்டில் வந்தது.

பெண் பார்க்க வந்தவர்கள் நெளிந்தார்கள்.

பெண்ணின் அப்பா சக்கரபாணி கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். திருவண்ணாமலை புகை எதிர்ப்புக் கழகத்தின் நிறுவனர், தலைவர், பொருளாளர். உறுப்பினர்கள் இனிமேல்தான் சேர வேண்டும்.

சிகரெட் பிடிப்பவனுக்குப் பெண் கிடையாது என்பது அவர் கொள்கை. வாய்வார்த்தையை நம்ப மாட்டார். மெஷினில் ஊதிக் காட்ட வேண்டும்; மூச்சில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு என்று அது எண்ணில் சொல்லும். எண் ஏழைத் தாண்டினால் சம்பந்தம் இல்லை. இதற்கு முன் வந்த வரன் ஒன்று பதினெட்டில் போனது, இன்னொன்று இருபத்திரண்டில்.

ஆனால் மெஷினை அவர் உடனே தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஆறு மணி வரை ராகுகாலம். விஞ்ஞானப் பரிசோதனையை நல்ல நேரத்தில்தான் செய்வார்.

அதுவரை பாடம் நடந்தது.

சிகரெட் புகையில் நாலாயிரத்துக்கும் மேல் ரசாயனங்கள். நிக்கோடின் மூளையைப் பிடித்தால் விடாது. தார் நுரையீரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு புற்றுநோயில் கொண்டுபோய் விடும். கார்பன் மோனாக்சைடு இருக்கிறதே, அது பௌர்ணமி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற ஆள். ஆக்ஸிஜன் வரிசையில் நின்று ஏறுவதற்குள் ரத்தத்தில் இடம் பிடித்துவிடும். அப்புறம் இதயம் திணறாமல் என்ன செய்யும்?

மாப்பிள்ளையின் அப்பா ராஜேந்திரன், மலையைத் தரிசித்துவிட்டு வருவதாக இரண்டு தடவை தெருவுக்குப் போனார். இரண்டு தடவையும் ஏலக்காய் மென்றுகொண்டு திரும்பினார்.

“சம்பந்தி ஊத வேணாம். பையன் மட்டும் போதும்” என்றார் சக்கரபாணி, பெருந்தன்மையாக.

ஆறு அடித்தது.

மாப்பிள்ளை அன்பரசன் மூச்சை அடக்கி, மெதுவாக ஊதினான்.

சமையலறை வாசலில் மணப்பெண் தென்றல் புடவைத் தலைப்பை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அங்கேயே நின்றது.

சக்கரபாணி மெஷினைக் கற்பூரத் தட்டு மாதிரி ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினார். ராஜேந்திரன் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டி, பாதியில் சுதாரித்தார்.

பெண்ணும் பையனும் தனியாகப் பேசட்டும் என்று மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள்.

மாடிக்கு வந்ததும் தென்றல் அவன் சட்டையை மோந்து பார்த்தாள்.

“நேத்து எஸ்.டி.டி. பூத்துலேர்ந்து நீ சொன்னப்ப அணைச்சதுதான். தல வெடிக்குது. ஏழுக்குள்ள வந்துடும்னு எப்படித் தெரியும் உனக்கு?” என்றான் அன்பரசன்.

“அப்பா மேடைப் பேச்சுல கடைசி வரியே அதான். ஒரு நாள் விட்டாலே அந்த வாயு ரத்தத்த விட்டுப் போயிடுமாம். கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பேசி எனக்கே மனப்பாடம். கூட்டத்துல அந்த வரி வரைக்கும் யாரும் உக்காந்ததில்ல.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“மெஷினுக்கு ஒரு நாள் போதும் அரசு. எனக்குப் போதாது. நுரையீரல்ல ஒட்டுனது ஒரு நாள்ல போவாது.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கீழே கூடத்தில் சக்கரபாணி சம்பந்தியிடம் சொல்வது கேட்டது:

“இன்னிக்குத்தான மொத மொத பாக்குறாங்க, கூச்சமா இருக்கும். பேச்சே வராது. கூப்பிட்டுடலாங்களா?”