ஏழு வருடமாக ஒரே கேள்வி

விசா சட்டம் ஏதோ மாறியதாம் என்று வானொலியில் சொன்னால் போதும், அன்ரனெற் மறுநாளே கனடாவின் வெக்ஸ்போர்ட்டில் குடிவரவு ஆலோசகர் கிளிபோட்டின் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஏழு வருடமாக ஒரே கேள்விதான்.

"மன்னாரில இருக்கிற என்ர தம்பியை இப்ப ஸ்பொன்சர் பண்ணலாமோ?"

"இல்லை அக்கா. சகோதரங்களுக்கு இந்த முறையும் வழி விடேல்லை," என்றார் கிளிபோட்.

"வேற ஆருக்கெல்லாமோ விடுறாங்கள்."

"ஓம். இப்ப வெளிய போனவவைக் கண்டனீங்கள்தானே? கனடா வரேக்க, தனக்கொரு பிள்ளை இருக்கெண்டதை ஃபோமில மறைச்சவ. இப்ப அந்தப் பிள்ளையைக் கூப்பிடுறா."

அன்ரனெற் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள்.

"மறைச்ச பிள்ளையை ஒருநாளும் கூப்பிடேலாது எண்டெல்லோ சொன்னவை?"

"அது பழைய கதை. 2019இல தளர்த்திப்போட்டாங்கள். பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது ஆகாமல் இருந்தாச் சரி."

"நீங்கள் எனக்கு இதைச் சொல்லவே இல்லையே."

"உங்களுக்கு எதுக்கு அக்கா? நீங்கள் தம்பியைப் பற்றித்தானே கேக்கிறனீங்கள்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது மன்னாரிலிருந்து ஜெனாட் அழைத்தான். போன மாதம்தான் இருபத்திரண்டாவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிப் படம் அனுப்பியிருந்தான்.

"அக்கா, என்னவாம்?"

கலியாணத்துக்கு முன் பெற்று, தன் தாயின் பிள்ளையாகப் பதிந்து அங்கேயே விட்டுவந்த அந்த மகனுக்கு அவளை அக்கா என்றுதான் தெரியும்.

"தம்பிமாரைக் கூப்பிடேலாதாம், அப்பன்," என்றாள் அன்ரனெற்.