ஐந்து தூளில் ஒரு கம்பி

முதலில் சாதாரண எஃகுக் கம்பி ஒன்றை உடைத்துக் காட்டினார், ஆய்வகத்தின் சோதனை மெஷினை இயக்கும் சுத்தியல் சார்.

விரல் நீளம், விரல் தடிமன், நடுவில் ஒரு வெட்டு. திரவ நைட்ரஜனில் ஊறிய கம்பியை இடுக்கியால் எடுத்துத் தாங்கியில் வைத்தார். கொக்கியை விடுவித்தார். ஆள் உயரத்திலிருந்து ஊஞ்சல்போல் வீசி இறங்கியது சுத்தியல்.

கம்பி பிஸ்கட் போல் உடைந்தது. இரண்டு துண்டுகளும் தகரப் பெட்டிக்குள் விழுந்தன.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. அடுத்தது மேடமோட கம்பி. பெட்டியில இடம் பண்ணி வைக்கட்டுமா மேடம்?"

"பேச்சைக் குறைங்க சார். நைட்ரஜன் ஆவியாகுது."

அவள் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். கம்பியைச் செய்தவர் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம்.

தகரப் பெட்டியில் அவள் செய்த கம்பிகளும் நிறையக் கிடந்தன. எல்லாமே பாதிப் பாதியாக.

இன்றும் உடைந்தால் அவளுடைய உலை கீழ்த்தளத்துக்குப் போய்விடும். அங்கே துளைப்பான் முனை செய்கிறவர்கள் வந்து கதவின் அகலத்தைக்கூட அளந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அவளுடைய கம்பியில் இரும்பு, நிக்கல், கோபால்ட், குரோமியம், மாங்கனீசு. ஐந்தும் தூளாக, அணுக் கணக்கில் சம பங்கு. எஃகில் இரும்புதான் முதலாளி. மற்றவை குழம்புக்கு உப்பு மாதிரி. இதில் முதலாளியே கிடையாது. அப்படி ஒரு கூட்டு நிலைக்காது என்று அந்தக் கட்டடத்தில் பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஐந்தையும் எஃகுக் குண்டுகளோடு ஓர் உருளையில் அடைத்துச் சுற்றவிட்டாள். குண்டுகளுக்கு நடுவே தூள் நசுங்கியது, ஒட்டியது, உடைந்தது, மறுபடி ஒட்டியது. எது இரும்பு, எது நிக்கல் என்று தூளுக்கே மறந்துபோகும்வரை.

போன முறை அவசரப்பட்டு, உருளை ஆறுவதற்குள் திறந்துவிட்டாள். சூட்டோடு இருந்த தூள் காற்றைக் குடித்துவிட்டது. அப்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கம்பி உடைந்த பிறகுதான், முறிந்த இடத்தில் சாம்பல் புள்ளிகளாக அந்தக் காற்று தெரிந்தது.

இந்த முறை உருளைமேல் கை வைத்து வைத்துப் பார்த்தாள். சூடு முழுக்கப் போன பிறகும் பொறுத்திருந்தாள். காற்றை வெளியேற்றி ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் திறந்தாள். தூளைக் கரி அச்சில் கொட்டி, உலையில் வைத்து அழுத்தி, மின்சாரம் பாய்ச்சினாள்.

தூள் உருகவில்லை. உருகாமலே ஒன்றானது.

"பார்த்து அடிங்க சார்," என்று சிரித்தார், சோதனையைப் பார்க்க வந்திருந்த ஆய்வக இயக்குநர்.

"சுத்தியலுக்குச் சொந்தபந்தம் தெரியாதுங்க."

இடுக்கி உள்ளே போனது. வெண்புகை வழிந்து தரையில் பரவியது. கம்பி தாங்கியில் உட்கார்ந்தது. கொக்கியைத் தொட்ட விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"சார், சூடேறுது!" என்று கத்தினாள் அவள்.

சில நொடிகளுக்குள் அடித்தாக வேண்டும். நேரம் கடந்துவிட்டது. அவர் கம்பியை எடுத்து மறுபடி நைட்ரஜனில் போட்டார்.

"என்ன சார், கை நின்னுடுச்சு?"

"குளிருங்க."

இயக்குநருக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தக் கை தயங்கி யாரும் பார்த்ததில்லை.

இரண்டாம் தடவை கை நிற்கவில்லை. சுத்தியல் இறங்கியது.

வழக்கமான உலோகச் சத்தம் எழவில்லை. கனத்த மூட்டையைத் தரையில் போட்டாற்போல ஓர் ஒலி. எஃகை உடைத்தபோது கிளம்பிய உயரத்துக்கே ஏறக்குறையப் போன சுத்தியல், இப்போது மறுபக்கம் பாதிகூட ஏறவில்லை. தளர்ந்து திரும்பி வந்தது.

கம்பி கீழே கிடந்தது. ஒன்றாக. முழங்கையை மடித்தாற்போல வளைந்து, மேலெல்லாம் வெண்பனி பூத்து.



சுத்தியல் சார் அதை இடுக்கியில் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். வெட்டின் அடியில் உலோகம் இழுபட்டு, நார் நாராக மின்னியது. பிளவு கொஞ்ச தூரம் போய், மேலே போக வழியில்லாமல் நின்றிருந்தது.

அந்தக் குளிரில் எஃகு கண்ணாடியாகிவிடும். இது குளிரக் குளிர உறுதியும் கூடி, வளைந்தும் கொடுக்கிறது. ஏன் என்று அவளுக்குத் தெரியும். பலகையில் எழுதிக் காட்டவும் தெரியும். இருந்தும் உடம்பு சிலிர்த்தது. பேர் தெரியாத ஏதோ ஒன்று, அந்தத் தூள்களுக்குள் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்துவிட்டு, இப்போது எல்லோர் முன்பும் எழுந்து நின்றதுபோல் இருந்தது.

இரண்டாவது கம்பியும் உடையவில்லை. மூன்றாவதும்.

இயக்குநர் கீழ்த்தளத்துக்குப் பேசினார். உலை அங்கே வராது என்றார்.

சுத்தியல் சார் கையுறையைக் கழற்றினார். ஜன்னல் பக்கம் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கைபேசியை எடுத்தார். மெதுவாகத்தான் பேசினார். அறை அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"பாப்பா, அம்மாவோட கம்பி உடையலடி... ஆமா, மூணும்தான்... ஏய், இல்லடி, அப்பா மெதுவால்லாம் அடிக்கல. உங்கம்மா மேல சத்தியமா."