சைகோனுக்கு ஒரு சொல்

“உனக்காகக் காத்திருக்கேன்னு பிரெஞ்சுல எப்படிங்க சொல்றது?” என்று கேட்டாள் கமர் நிஷா.

காரைக்கால் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், குமாஸ்தாவான தர்மராஜ் சிரித்தார். “வெள்ளைக்காரனே மூட்டை கட்டிட்டான். இப்பத்தான் நீங்க பிரெஞ்சு படிக்கிறீங்களா? ‘ஜ தத்தான்’னு சொல்லணும்.”

அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

“அத்தாந்த்ர்ங்கிற வினைச்சொல்லும்மா அது. பழைய லத்தீன்ல அதுக்கு, ஒருத்தர் பக்கமா நீட்டுறதுன்னு அர்த்தம்.”

“கையையா?”

“மனசையும்தான்.”

“பத்து வருஷமா சைகோன் பக்கம் அதைத்தானே நீட்டிக்கிட்டிருந்தேன்!”

“உங்க வூட்டுக்காரருக்குத் தமிழ் மறந்தா போச்சு? தமிழ்லயே எழுதுங்களேன்.”

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை புதுச்சேரி பஸ்ஸிலிருந்து, கணவனின் கப்பல் சிநேகிதர் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை இறக்கிவிட்டார். கணவன் ஆறு மாதம் முன்பே சைகோனில் இறந்துவிட்டதையும், அங்கே அவன் கட்டிய இன்னொருத்தியும் உயிரோடு இல்லை என்பதையும் அவர்தான் எழுதியிருந்தார். பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, பிரெஞ்சு தெரியும் என்பது அந்தக் கடிதத்தின் கடைசி வரி.

மூக்கு மட்டும் அப்படியே அவன் மூக்கு.

கமர் நிஷா மண்டியிட்டு, “ஜ தத்தான்” என்றாள்.

பிள்ளை அசையவில்லை.

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.