மூத்தவள் மாதிரியே

“குளோனிங்ல குழந்தை பெத்துக்கறது இனிமே குத்தமில்ல, சட்டம் வந்துடுச்சு. ஆனா இறந்துபோன உங்க பொண்ணு திரும்பி வர மாட்டா. அவ முகத்தோட வேற ஒரு குழந்தைதான் பிறக்கும்” என்று எதிரே இருந்த தம்பதியிடம் பொறுமையாகச் சொன்னார் டாக்டர்.

“தெரியும் டாக்டர். பட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம்” என்றாள் மனைவி.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த ஒரு சிறுமி, மனைவியின் தோளில் சாய்ந்தாள்.

“இது யாரு?”

கணவன் தயங்கினான். “சட்டம் வர்றதுக்கு முன்னாடியே வெளிநாடு போய்ப் பெத்துக்கிட்டோம். அச்சு அசல் மூத்தவதான். ஆனா அவ பாடின மாதிரி இவளுக்குப் பாட வரல. அதான் இன்னொரு தடவை…”

டாக்டர் எழுந்துவிட்டார். “என்னால முடியாது. கிளம்புங்க.”

சிறுமி பதறிப்போனாள்.

“அம்மாவைத் திட்டாதீங்க டாக்டர். நான் இன்னும் நல்லாப் பாடப் பழகிக்கறேன்.”