கரை சேர்ந்த படகுகள்

குளச்சலில் படகுகளின் வரவைப் பதியும் மென்பொருளை சஃப்னா சீர்படுத்திக்கொண்டிருந்தாள். பழைய நிரலில் ஃபங்ஷன்கள் எனும் கட்டளைத் தொகுப்புகளுக்கு ‘எக்ஸ்1’, ‘எக்ஸ்2’ என்றே பெயர். பெயரைப் பார்த்தாலே வேலை தெரிய வேண்டும் என்பது அவள் பிடிவாதம். காலை பத்து மணிக்கு ‘எக்ஸ்7’ என்பதை ‘கரைசேர்ந்தபடகுகள்’ என்று மாற்றி இயக்கினாள்.

அன்று வந்ததாகப் பதிந்த படகுகள் பன்னிரண்டு. திரையில் வந்த பட்டியலில் பதின்மூன்று இருந்தன. கடைசியில், ஐந்து பேருடன் கடலுக்குப் போய் நான்கு நாளாகத் தகவலே இல்லாத அவள் வாப்பாவின் படகு.

“நீ பதிஞ்சியா?”

“நான் தொடவே இல்ல மக்கா,” என்றான் கூட வேலைபார்க்கும் ஷஹீர்.

சஃப்னா கடற்கரைக்கு ஓடினாள். சாயங்காலம் வரை நின்றாள். படகு வந்தது. ஐந்து பேரும் சிரித்தபடி இறங்கினார்கள். வாப்பா அவளைக் கட்டிக்கொண்டார்.

“எஞ்சின் செத்தே கெடந்துது மோளே. இன்னைக்கு காலைல பத்து மணிக்கு, யாரும் தொடாம, தன்னால ஓடிச்சு.”